படகை உறங்க வைக்கும் முறை

மனிதனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். யந்திரத்துக்கும் ஓய்வு கொடுத்தால் அதுவும் மனிதனைப் போலத் தெம்பு பெற்று எழுந்திருக்கும் என்று அநேகர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. மனித உடம்பு உறங்கும்போது உள்ளே பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இரும்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஓடும்போது அது தேய்கிறது. ஓடாதபோது துருப் பிடிக்கிறது. தேய்மானத்தையாவது இத்தனை மணி, இத்தனை மைல் என்று கணக்கிடலாம். துரு யாருக்கும் கணக்குக் காட்டுவதில்லை. ஆகையால் யந்திரத்தை ஓட்டத் தெரிந்தவருக்கு அதை நிறுத்தி வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிறுத்தி வைக்கும் வித்தையை, அதிலும் படகை நிறுத்தி வைக்கும் வித்தையை, இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

ஜூஜுவாடியில் உட்கார்ந்துகொண்டு படகைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நமது ஊர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், தமிழ்நாட்டின் வட மேற்கு வாசற்படியில் இருக்கிறது. சாலையின் அந்தப் பக்கம் கர்நாடகத்து அத்திப்பள்ளி. இந்தப் பக்கம் நாம். சென்னைக் கடற்கரைக்குச் செல்ல வேண்டுமானால் சுமார் 300 கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டும். இங்கே இரவும் பகலும் ஓடுவது லாரிகள். ஆயினும் லாரிக்கும் படகுக்கும் நாம் நினைப்பதைவிட நெருங்கிய உறவு உண்டு. 1980-ம் வருஷம் முதல் ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அசோக் லேலண்டு கம்பெனியின் டீஸல் யந்திரங்கள் லாரிகளில் மட்டுமன்றித் தமிழகக் கடற்கரையின் விசைப்படகுகள் பலவற்றிலும் ஓடுகின்றன. சாலையில் காற்றினால் குளிர்கிற யந்திரம், கடலில் கடல் ஜலத்தின் உதவியால் குளிர்கிறது. பெரிய வித்தியாசம் அவ்வளவுதான். தொல்லைகளெல்லாம் அந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே பிறக்கின்றன.

நம்மிடம் படித்த மாணவர் ஒருவர், ஓசூரில் தொழில் கற்று, இப்போது கீழைக் கடற்கரையில் படகு யந்திரங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கிறார். கோடை விடுமுறையில் ஊருக்கு வந்தவரிடம், "கடலில் உனக்கு எப்போது வேலை அதிகம்?" என்று கேட்டோம். "படகு ஓடும்போது இல்லை, ஸார். ஓடாமல் கிடந்துவிட்டு மறுபடி கிளம்பும்போதுதான்" என்றார். இந்தக் கட்டுரைக்கு விதை அந்த மறுமொழியே.

படகுகள் ஓடாமல் கிடக்கும் காலம் ஒன்றை நமது சர்க்காரே ஏற்படுத்தியிருக்கிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில் அவற்றை வாரிக்கொண்டு வந்துவிட்டால் பின்னால் கடலில் ஒன்றும் மிஞ்சாது என்பதனால், 2001-ம் வருஷம் முதல் தமிழகத்தில் விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம் அமலுக்கு வந்தது. முதலில் 45 நாட்களாக இருந்த தடை, பின்னர் 61 நாட்களாக நீடிக்கப்பட்டது. திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரையிலுள்ள கீழைக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேலைக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் தடை. காசிமேடு, நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி முதலிய இடங்களில் விசைப்படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக்கிடக்கும். அந்த இரண்டு மாதங்களில் படகை எப்படி வைத்திருக்கிறோமோ அதைப் பொறுத்தே மற்றப் பத்து மாதங்களின் பிழைப்பு.

குளிர்தேசங்களில் இதே வேலையைப் பனிக்காலத்துக்காகச் செய்கிறார்கள். அங்கே சத்துரு பனிக்கட்டி. மற்றத் திரவங்கள் பெரும்பாலும் உறையும்போது சுருங்கும்; தண்ணீரோ உறையும்போது ஏறக்குறைய நூற்றில் ஒன்பது பங்கு பருத்துவிடும். யந்திரத்தின் உள்ளறைகளில் ஒரு படி ஜலம் மறந்து விடப்பட்டிருந்தால் போதும். ஒரே இரவில் அது பனிக்கட்டியாகப் பருத்து, வார்ப்பிரும்பைப் பானை ஓடுபோல் பிளந்துவிடும். ஆகவே இலையுதிர் காலம் வந்ததும் அத்தேசத்தார் படகைக் கரையேற்றி, உள்ளே உள்ள ஜலத்தை ஒரு சொட்டு விடாமல் வடித்து, உறையாத் திரவத்தை ஊற்றி வைக்கிறார்கள். நமது கரையில் பனிக்கட்டி இல்லை. அதற்குப் பதிலாக உப்பு, ஈரம், கத்திரி வெயில் என்று மூன்று சத்துருக்கள் இருக்கின்றன. ஒரே இரவில் பிளப்பதற்குப் பதில் இவை இரண்டு மாதம் எடுத்துக்கொண்டு அரிக்கின்றன.

குளிர்தேசத்து முறைகளில் மிகவும் நுணுக்கமானது, 'ஸ்டெர்ன் டிரைவ்' என்னும் வகைப் படகை உறங்க வைப்பது. இவ்வகையில் யந்திரம் படகின் உள்ளே, பின்பகுதியில், மோட்டார் காரின் யந்திரம் போல உட்கார்ந்திருக்கும். படகின் பின்பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு கால் வெளியே தொங்கும். அந்தக் காலின் நுனியில் சுழல்விசிறி. காலைத் திருப்பினால் படகு திரும்பும். ஆழம் குறைந்த இடத்தில் காலை உயர்த்திக்கொள்ளலாம். ஜிம் வின் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் யோசனையைக் கொண்டு ஸ்வீடன் தேசத்து வோல்வோ பென்டா கம்பெனி 1959-ம் வருஷத்தில் இதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. உல்லாசப் படகுகளிலும் விரைவுப் படகுகளிலும் இது பெரிதும் வழங்குகிறது. இதை நிறுத்தி வைக்கத் தெரிந்தவருக்கு ஏனைய எந்தப் படகையும் நிறுத்தி வைக்க வரும். ஆகையால் இதையே பாடமாகக் கொள்வோம்.

முதலாவது, எரிபொருள். தொட்டி பாதி காலியாக இருந்தால் அந்தக் காலி இடத்துக் காற்றிலுள்ள ஈரம் இரவில் வியர்த்துத் துளிகளாக இறங்கும். ஆகவே எரிபொருள் விரிவதற்குச் சிறிது இடம் விட்டு, தொட்டியை ஏறக்குறைய நிரப்பிவிட வேண்டும். பெட்ரோல் யந்திரமானால், கெடாமல் காக்கும் மருந்தை அதில் கலந்து, அந்த மருந்து குழாய்களிலெல்லாம் பரவும் வண்ணம் பத்து நிமிஷம் யந்திரத்தை ஓட்ட வேண்டும். இக்காலத்தில் இது முன்னைவிட அவசியம். 2025-ம் வருஷத்தில் நமது நாட்டுப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனாலுக்கு ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உண்டு; அளவுக்கு மிஞ்சி உறிஞ்சினால், ஜலத்தோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். யந்திரம் முதலில் குடிப்பது அந்த அடிமண்டியைத்தான். டீஸல் தொட்டியிலோ, அடியில் தேங்கிய ஜலமும் மேலே மிதக்கும் டீஸலும் சந்திக்கும் இடத்தில் நுண்கிருமிகள் பெருகி, வழவழவென்று பாசிபோல் வளர்ந்து வடிகட்டிகளை அடைத்துவிடும். அடியிலுள்ள ஜலத்தை முதலில் வடித்துவிடுவதே பரிகாரம்.

இரண்டாவது, யந்திர எண்ணெய். இங்கேதான் அநேகர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். "எப்படியும் இரண்டு மாதம் சும்மா கிடக்கப் போகிறது; புது எண்ணெயை இப்போதே ஊற்றி வீணாக்குவானேன்? கிளம்பும்போது மாற்றிக்கொள்ளலாம்" என்பது அவர்களுடைய சிக்கனம். உழைத்துக் கறுத்த எண்ணெயில் எரிபொருளின் மிச்சங்களும் அமிலமும் ஈரமும் கலந்திருக்கின்றன. ஓடும்போது அது சுற்றிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால் தாங்கிகளின்மேல் அப்படியே படிந்து இரண்டு மாதமும் இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். ஆகையால் யந்திரம் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, புது எண்ணெய் ஊற்றிச் சிறிது ஓட்டிய பிறகே நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, ஜலம். உப்பு ஜலத்தில் ஓடிய யந்திரத்தின் குளிர்விக்கும் குழாய்களை நல்ல ஜலம் விட்டு நெடுநேரம் அலச வேண்டும். பிறகு முழுவதையும் வடிக்க வேண்டும். வடிகால் திருகைக் கழற்றியவுடன் ஜலம் வரவில்லையானால் உள்ளே ஜலம் இல்லை என்று மகிழ்ந்துவிடக் கூடாது; துவாரத்தைத் துருவும் மணலும் அடைத்திருக்கலாம். ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்ப்பவரே அனுபவசாலி. பெட்ரோல் யந்திரமானால், அணைப்பதற்குமுன் உறிஞ்சும் வாய் வழியாகக் காப்பெண்ணெயைத் தெளிப்பார்கள். சிலிண்டர்களின் உட்சுவரில் அது மெல்லிய போர்வைபோலப் படிந்து துருவைத் தடுக்கும்.

நான்காவது, வெளியே தொங்கும் கால். அதன் பற்சக்கரப் பெட்டியிலுள்ள எண்ணெயை அடித் திருகைக் கழற்றி வடிக்கும்போது நிறத்தைக் கவனிக்க வேண்டும். தெளிவாக வந்தால் க்ஷேமம். பால் கலந்த காப்பி போல் வந்தால், எங்கோ ஓர் அடைப்பு வளையம் தேய்ந்து ஜலம் உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். இதை முதல் நாளே கண்டுபிடித்தால் பழுது பார்க்க இரண்டு மாத அவகாசம் இருக்கிறது. கடைசி நாளில் கண்டுபிடித்தால், அந்த இரண்டு மாதமும் ஜலம் பற்சக்கரங்களைத் தின்றிருக்கும். கால் படகைத் துளைத்து வெளிவரும் இடத்தில் ஒரு ரப்பர் துருத்தி இருக்கிறது. ஸ்டெர்ன் டிரைவ் படகின் உயிர்நிலை அதுதான். அது கிழிந்தால் கடல் நேராக உள்ளே வரும். எனவே துருத்தியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, காலைத் தாழ்த்திய நிலையிலேயே நிறுத்த வேண்டும். உயர்த்தி வைத்தால் துருத்தி மடிந்தே கிடந்து வெடித்துவிடும். சுழல்விசிறியையும் கழற்றிப் பார்ப்பது நல்லது. வலை நூலோ தூண்டில் நரம்போ அதன் பின்னே சுற்றிக்கொண்டு அடைப்பு வளையத்தை அறுத்துக்கொண்டிருக்கும்.

அந்தக் காலில் ஒட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. உப்பு ஜலத்தில் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், இளைத்தது அரிந்து வலுத்ததைக் காப்பாற்றும். இந்தத் தத்துவத்தைக் கொண்டு 1824-ம் வருஷத்தில் ஹம்ப்ரி டேவி என்ற இரசாயன மேதை, பிரிட்டிஷ் கப்பல்களின் அடியில் வேய்ந்த செப்புத் தகடுகளைத் துத்தநாகத்தாலும் இரும்பாலும் காப்பாற்றக் காட்டினார். செம்பு பிழைத்தது, ஆனால் செம்பு கரைவதை நிறுத்தியதும் அதன் விஷமும் நின்று, ஓட்டுப்பிராணிகள் கப்பலடியில் தாராளமாகக் குடியேறிவிட்டன! செப்புத் தகட்டுக்கு ஒவ்வாது போனாலும், அந்தத் தத்துவம் இன்று படகுகளின் யந்திரக் கால்களைக் காத்து வருகிறது. கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். சிலர் பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதன்மீதும் வர்ணம் பூசிவிடுகிறார்கள். பூசியபின் அது வெறும் பாரமே.

ஐந்தாவது, பாட்டரி. காய்ந்துபோன பாட்டரியின் ஈயத் தகடுகளில் ஒருவித உப்புப் படிகம் இறுகி, பிறகு எவ்வளவு மின்சாரம் ஏற்றினாலும் ஏறாமல் போய்விடும். வெப்பத்தில் பாட்டரி தானாகவே விரைந்து காயும். ஆகவே முழுதும் மின்சாரம் ஏற்றி, கம்பிகளைக் கழற்றி, நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை ஏற்றிவர வேண்டும். கடைசியாக, கரையேற்றிய படகின் அணியம், அதாவது முன்பகுதி, சற்று உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, பின்பகுதியிலுள்ள அடித்துவாரத்து அடைப்பானைக் கழற்றிவிட வேண்டும். மழை பெய்தாலும் ஜலம் ஓடிவிடும். மேலே போர்வை போடலாம். காற்று நுழைய வழியில்லாமல் போர்த்தினால் அடியில் ஈரம் புழுங்கும்.

நமது மீனவர்களின் விசைப்படகு இவ்வளவு நாசூக்கானதல்ல. அதில் டீஸல் யந்திரத்திலிருந்து நீண்ட தண்டு ஒன்று நேராகப் பின்னால் சென்று சுழல்விசிறியைச் சுழற்றும். திருப்புவதற்குச் சுக்கான் தனியே உண்டு. ஆயினும் எரிபொருள், எண்ணெய், ஜலம், அடைப்பு, துத்தநாகம், பாட்டரி என்ற பாடம் அதற்கும் அப்படியே பொருந்தும். அதோடு மரப்படகானால் வேறு வேலைகளும் சேரும். அடியில் ஒட்டிய கொட்டலசுகளைச் சுரண்டி எடுக்க வேண்டும், கப்பற்புழு துளைத்த பலகையை மாற்ற வேண்டும், பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரி திணித்துக் கலப்பத்து அடைக்க வேண்டும், பிறகு வர்ணம். சித்திரை, வைகாசி வெயிலில் வெறுமே கிடந்தால் மரம் உலர்ந்து சுருங்கி இடுக்குகள் வாய் பிளக்கும். கடலில் ஒழுகாத படகு கரையில் கிடந்தே ஒழுகக் கற்றுக்கொள்ளும்.

இவ்வளவும் கடற்கரையில் யாருக்கும் தெரியாத இரகசியங்கள் அல்ல. "தெரியாதது ஒன்றும் இல்லை, ஸார். நாள்தான் தவறிப் போகிறது" என்றார் நமது மாணவர். தடை தொடங்கியதும் கையிலிருக்கும் பணம் கடனுக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் போய்விடுகிறது. படகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஜூன் பிறந்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் தச்சரையும் யந்திரக்காரரையும் தேடுகிறார்கள். கூலியும் ஏறுகிறது, அவசரமும் ஏறுகிறது. ஏப்ரல் மாதத்தில் எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் செலவழிக்க மனம் வராத தொகை, ஜூன் மாதத்தில் தாங்கிகளுக்கும் பற்சக்கரங்களுக்குமாகப் பன்மடங்காகிவிடுகிறது.

இது பணத்தோடு முடிகிற விஷயமாயிருந்தால் இவ்வளவு வற்புறுத்தி எழுதியிருக்க மாட்டோம். நமது ஜூஜுவாடியில் லாரி நின்றுபோனால், சாலையோரம் தள்ளிவிட்டு டீக்கடையில் உட்காரலாம். இங்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதைத் தவறிக் கடந்தால் யாரும் சிறையில் வைப்பதில்லை. பாக்கு நீரிணையிலோ 1974-ம் வருஷத்து உடன்படிக்கையால் வகுத்த எல்லைக்கோடு ஜலத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. யந்திரம் நின்ற படகுக்குக் காற்றும் நீரோட்டமுமே மாலுமிகள். யந்திரக் கோளாறினால் மிதந்து எல்லை கடந்து, அக்கரையில் சிறைப்பட்ட மீனவர்களைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். அத்தகைய கோளாறுகளில் சில, படகு கடலுக்குப் போவதற்கு வெகு நாள் முன்னரே, துறையில் சும்மா கட்டிக்கிடந்தபோது ஆரம்பித்தவையாக இருக்கலாம் அல்லவா?

சும்மா கிடப்பதன் அபாயத்தைத் தேசம் முழுவதும் ஒருமுறை கண்கூடாகக் கண்டது. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி முதல் ஊரடங்கினால் தொழிற்சாலைகள் எல்லாம் நின்றன. நமது ஓசூர்ப் பேட்டையிலும் யந்திரங்களின் ஓசை அடங்கியது. மே மாதம் 7-ந் தேதி விடியற்காலையில், மறுபடி திறப்பதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த விசாகப்பட்டினத்து இரசாயனத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஸ்டைரீன் என்னும் விஷ ஆவி கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த சுற்றுப்புறத்து ஜனங்களைத் தாக்கியது. பன்னிரண்டு பேர் மாண்டனர். பல நாள் அசையாமல் தொட்டியில் கிடந்த திரவத்தில் சூடு ஏறியதும், அது தானே வினைபுரியாமல் தடுக்கும் மருந்து போதாமற் போனதும் காரணங்கள் என்று ஆராய்ந்தவர்கள் கூறினார்கள். ஓடும் தொழிற்சாலையைக் காக்க நூறு பேர் இருப்பார்கள். நின்ற தொழிற்சாலையையும் அதே கவலையோடு காக்க வேண்டியிருக்கிறது.

நேயர்களில் பலருக்குப் படகு இல்லை. ஆனால் ஸ்கூட்டர் இருக்கிறது. கிணற்று மோட்டார் இருக்கிறது. சிலருக்குக் காரும் இருக்கும். விடுமுறைக்கு வெளியூர் கிளம்பும்போது வீட்டுக் கதவைப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறோம். அதே மனத்தோடு ஐந்து நிமிஷம் வண்டிக்கும் செலவிடலாம். பெட்ரோலை நிரப்பி, பாட்டரிக் கம்பியைக் கழற்றி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு போர்த்திவிட்டுப் போனால், திரும்பி வரும் காலையில் வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு ஓடவேண்டியதில்லை.

படகுக்காரர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அதை எல்லா வீடுகளுக்கும் சிபாரிசு செய்கிறோம். படகை உறங்க வைக்கும்போது எதையெதைக் கழற்றினோம், எதை வடித்தோம், எதை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதிச் சாவியோடு கட்டிவிடுவார்கள். காரணம் எளிது. யந்திரம் முதல் தரமாக ஓட, வர்ணம் பளபளக்க, கழற்றிய அடைப்பானை மீண்டும் திருக மறந்து, துறையிலேயே படகை மூழ்கவிட்டவர்கள் உலகமெங்கும் உண்டு. இரண்டு மாதத்துக்குப் பிறகு வருகிறவர் நாமேயானாலும், அவருக்கு இன்றைய நினைவுகள் இருக்கும் என்று நம்பக் கூடாது. ஒரு துண்டுக் காகிதமும் ஒரு சாண் நூலும் இருந்தால் போதும். அவருக்கு வேண்டியதை எழுதிக் கட்டிவிடலாம்.